கேள்விச் செல்வமும் வலையொலியும்

திருக்குறளில் கல்லாமையை அடுத்து வரும் அதிகாரம் கேள்வி. படிக்க வாய்க்காதவரும் கேட்டுக் கற்கலாம் என்பதே அவ்வைப்பு முறையின் குறிப்பு எனக் கொள்கிறோம்.

இக்கேள்விக்கு முதலில் கருவியானது வானொலி. 1956இல் யுனெஸ்கோ துணையுடன் புனே வட்டாரத்தின் 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைந்தன. ஊரார் கூடிக் கேட்டனர், விவாதித்தனர், ஐயங்களை எழுதியனுப்பி விடை பெற்றனர். 1960களில் திருச்சி வானொலி பரப்பிய ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவர் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

எனினும் ஒலிபரப்பு, களத்துமேட்டில் நிற்பவருக்காகக் காத்திருப்பதில்லை. 2004இல் 'பாட்காஸ்ட்' எனப் பெயர்பெற்ற வலையொலி அக்குறையை நீக்கியது. குரலைச் சேமித்து, வேண்டும்போது மீண்டும் கேட்கலாம். அதனையொத்த முயற்சியொன்று தேனி மாவட்டத்தில் நிகழ்ந்தது. காமன்வெல்த் கல்வி அமைப்பின் திட்டத்தில், ஆடு வளர்க்கும் பெண்கள் கைப்பேசிக் குரற்செய்தி வழியே பாடம் கேட்டனர்.

காரியாபட்டியும் மானாவாரி நிலமே, இங்கும் ஆடு மேய்ப்போர் பலர், கைப்பேசியும் உண்டு. ஆயின் தஞ்சைக்கு உரைத்த பாடம் கரிசலுக்குப் பொருந்தாது. பருத்தியும் கம்பும் பயிரிட்ட முதியோரின் அறிவு ஏட்டில் ஏறாமலே அவர்களோடு மறைகிறது. நம் மாணவர் அக்குரல்களைப் பதிவு செய்தல் வேண்டும். கேட்டவர் மீண்டும் வினவவும் வழி வைத்தல் வேண்டும். மறுவினா இல்லாத கேள்வி பாதிக் கல்வியே.