மோட்டாரா, ஜெனரேட்டரா? ஒரு பொம்மை ரயிலைத் திறந்து பார்த்தா...

இன்னிக்கு ஒரு மாடல் ரயில் என்ஜினைத் திறந்து பார்க்கப்போறோம். வெளியே பார்த்தா அசல் நீராவி என்ஜின்தான். கறுப்பு பாய்லர், புகைபோக்கி, சக்கரங்களைச் சேர்த்துக் கட்டின கம்பிகள், எல்லாமே இருக்கும். மேல் மூடியைக் கழட்டினா உள்ளே நெருப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார் இருக்கு, அவ்வளவுதான்.

நிஜ ரயிலைப் பார்த்துதான் பொம்மை ரயில் செஞ்சாங்கன்னு நாம நினைக்கிறோம். நீராவி ரயிலுக்கு அது சரி. மின்சார ரயில் விஷயத்துல கதை தலைகீழ். அது முதல்ல பொம்மையாத்தான் ஓடுச்சு. பயணிகளை ஏத்திக்கிட்டு ஒழுங்கா ஓட இன்னும் 44 வருஷம் ஆச்சு. அந்த 44 வருஷம் ஏன் ஆச்சுங்கிறதுதான் இந்த எபிசோட்.

ஒரு கொல்லரின் வட்டத் தண்டவாளம்

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், பிராண்டன் என்ற சின்ன ஊர். அங்கே தாமஸ் டேவன்போர்ட் என்று ஒரு கொல்லர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். 1833இல் ஒரு இரும்பு ஆலையில் மின்காந்தத்தைப் பார்க்கிறார். கம்பி சுத்தின இரும்பு, பேட்டரியை இணைச்சதும் காந்தமாகுது, எடுத்ததும் சும்மா இரும்பாயிடுது. மனுஷன் அதை விலைக்கு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிச்சுப் பார்க்கிறார். கம்பிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க, மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டு உடையைக் கிழிச்சுக் கொடுத்தாங்கன்னு சொல்வாங்க.

1834இல் மோட்டார் தயார். 1835இல் அதை ஒரு சின்ன வண்டியில் வெச்சு, வட்டமான தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். பேடன்ட் வாங்கப் போனா அது தனிப் போராட்டம். 1836 டிசம்பரில் வாஷிங்டன் பேடன்ட் அலுவலகமே தீப்பிடிச்சு எரிஞ்சது. கடைசியில் 1837 பிப்ரவரி 25ஆம் தேதி, 132ஆம் எண் பேடன்ட் அவர் கைக்கு வந்தது.

ஆனா காசு வரல. 1851இல் ஏழையாவே இறந்துபோனார்.

துத்தநாகமா, நிலக்கரியா?

அவர் மோட்டார் மேல குறை சொல்ல முடியாது. பிரச்சினை பேட்டரியில். அந்தக் காலத்துப் பேட்டரி துத்தநாகத்தைத் தின்னுதான் மின்சாரம் கொடுத்தது. நீராவி என்ஜின் நிலக்கரியைத் தின்னுது. துத்தநாகம் விலை அதிகம், கிடைக்கிற வேலை குறைவு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தப்போ துத்தநாகம் மோசமா தோத்துப்போச்சு. 1842இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் டேவிட்சன் 'கால்வனி' என்ற பேட்டரி வண்டியை நிஜத் தண்டவாளத்திலேயே ஓட்டினார். வேகம் மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர். ஒரு ஆள் வேகமா நடந்தாலே பிடிச்சிடலாம்.

நம்ம பாஷையில சொன்னா, டெமோ சூப்பர், புரொடக்‌ஷன்ல செலவு கட்டுப்படி ஆகல.

ரெண்டும் ஒண்ணுதான்

இடையில் இன்னொரு பக்கம் வேற வேலை நடந்துட்டிருந்தது. கம்பிச்சுருளை காந்தத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினா மின்சாரம் பிறக்கும்னு 1831இல் ஃபாரடே காட்டியிருந்தார். அதிலிருந்து ஜெனரேட்டர்கள் வளர்ந்தன. கோட்பாடு தெரிஞ்சவங்களுக்கு ரெண்டும் ஒரே இயந்திரம்னு முன்னாடியே புரிஞ்சிருந்தது. ஆனா அதை ஊரே பார்த்தது 1873 வியன்னா கண்காட்சியில். கிராம் என்பவர் வடிவமைத்த ஜெனரேட்டர் ஒண்ணு மின்சாரம் உற்பத்தி செய்ய, அந்தக் கம்பியை அதே மாதிரி இன்னொரு ஜெனரேட்டரில் கொடுத்தாங்க. ரெண்டாவது மெஷின் மோட்டாராகச் சுழல ஆரம்பிச்சது. ஒரு தொழிலாளி தெரியாம கம்பியை மாத்திக் கொடுத்ததால் நடந்ததுன்னு ஒரு கதை உண்டு. எப்படி நடந்திருந்தாலும் விளைவு பெருசு. நிலக்கரியை ஒரு இடத்தில் எரிக்கலாம், வேலையை இன்னொரு இடத்தில் வாங்கலாம். துத்தநாகத்துக்கு வேலையே இல்ல.

இதை நீங்க வீட்டிலேயே செஞ்சு பார்க்கலாம். ரோபாட்டிக்ஸ் கிட்டில் வருமே, மஞ்சள் கலர் கியர் மோட்டார், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரெண்டு வாங்குங்க. ஒண்ணோட ரெண்டு முனையையும் இன்னொண்ணோட முனைகளில் கட்டுங்க. பேட்டரி வேண்டாம். ஒரு சக்கரத்தைக் கையால வேகமா சுத்தினா, அடுத்த சக்கரம் தானா சுத்தும். அதுதான் வியன்னா. அடுத்து ஒரு மோட்டாரை மட்டும் எடுத்து, அதோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டு, மறுபடி சுத்திப் பாருங்க. கை இறுகும், யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். பிறக்கிற மின்சாரம், தன்னைப் பிறப்பிச்ச அசைவையே எதிர்க்குது. இதுக்கு லென்ஸ் விதின்னு பேர். பன்னிரண்டாவதில் எழுதினதுதான், ஆனா கையில் உணர்றது வேற.

வியன்னாவுக்கு ஆறு வருஷம் கழிச்சு, 1879இல், பெர்லின் கண்காட்சியில் சீமென்ஸ் ஒரு ரயில் விட்டார். 300 மீட்டர் வட்டப் பாதை, 150 வோல்ட், பின்னாடி மூணு குட்டிப் பெட்டிகள். என்ஜின் மேல ஓட்டுநர் ஏறி உட்கார்ந்திருப்பார். போட்டோவைப் பார்த்தா குழந்தைகள் பூங்கா ரயில் மாதிரியே இருக்கும். மின்சாரம் வந்தது நீராவி சுழற்றிய டைனமோவிலிருந்து. டேவன்போர்ட்டின் வட்டம் கடைசியில் ஆட்களை ஏத்திக்கிட்டது.

மறுபடி பொம்மைக்கு

1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் தன் கம்பெனியைத் தொடங்குகிறார். அவருடைய முதல் ரயில், கடை ஜன்னலில் பொருட்களைச் சுமந்து சுத்துற ஒரு மரப் பெட்டி. வந்தவங்க பொருளை விட்டுட்டு அந்த வண்டியைத்தான் விலைக்குக் கேட்டாங்க. பிற்பாடு அந்த கம்பெனியின் என்ஜின்கள் நீராவி வேஷம் போட்டன. 1946இல் புகையும் விட ஆரம்பிச்சன.

இன்னிக்கு டிஜிட்டல் மாடல் என்ஜினுக்குள்ள ஒரு சின்ன டீகோடர் சிப் இருக்கும். மேடு ஏறும்போது ரயில் வேகம் குறையுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? சென்சார் எதுவும் தேவையில்ல. மோட்டாருக்குப் போற மின்சாரத்தை ஒவ்வொரு நொடியிலும் பல தடவை, கண் இமைக்கிறதைவிடக் குறைஞ்ச நேரத்துக்கு நிறுத்தும். அந்த இடைவெளியில் மோட்டார் சுழன்றுகிட்டே இருக்கும், அதாவது ஜெனரேட்டரா மாறியிருக்கும். அது எத்தனை வோல்ட் கொடுக்குதுன்னு சிப் அளக்கும். வோல்ட் குறைஞ்சா வேகம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், உடனே கூடுதல் பவர். பத்து வரி கோடு, ஒரு ஃபீட்பேக் லூப். 1873இல் கண்காட்சியில் கூட்டம் கூடிப் பார்த்த விஷயத்தை இப்போ ஒரு பொம்மை நொடிக்குப் பல தடவை செய்யுது.

டிஜிட்டல் ரயில் தரத்துக்கு அடிப்படையான முறையை உருவாக்கின ஜெர்மன்காரர் பெயரும் லென்ஸ்தான், பெர்ன்ட் லென்ஸ். விதி எழுதின லென்ஸ் வேற ஆள். வெறும் பெயர்ப் பொருத்தம்தான், ஆனா எனக்குப் பிடிச்ச பொருத்தம்.

சென்னை மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள வந்து பிரேக் போடும்போதும் இதேதான். மோட்டார்கள் ஜெனரேட்டரா மாறி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த தடவை அந்த இறங்கு சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க.

டேவன்போர்ட்கிட்ட மோட்டார் இருந்தது. அதைத் திருப்பிச் சுத்தினா என்ன வரும்ங்கிற கேள்விக்குள்ளதான் அவருக்கு வேண்டியிருந்த மின்சாரமும் இருந்தது. அதுக்கான டைனமோ வளர்ந்து வர்றதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டார். தோத்த டெமோ எல்லாம் தப்பான ஐடியா இல்ல, மக்களே. சிலதுக்கு மறுபாதி மட்டும்தான் பாக்கி.

கியர் மோட்டாரை வெச்சு முயற்சி பண்ணிட்டு, கை இறுகுச்சான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.