கணவரின் உடுப்பில் ஒரு போர்வை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்ட சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வாரிசுகள் வாழும் ஊர். பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அது பழைய எஜமானனின் பெயர்!

1932ல், கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவர் குடும்பத்தார் பாக்கிக்காக மாடு, கலப்பை, தானியம் என எல்லாவற்றையும் அள்ளிப்போனார்கள். குளிருக்கு, பழந்துணியை ஒட்டுப்போட்டுப் பெண்கள் தைத்த கனத்த போர்வைதான் கதி.

மிசௌரி பெட்வே என்பவரின் கணவர் இறந்துபோனார். அவர் வயலில் உடுத்தித் தேய்ந்த துணிகளை எடுத்து, 1942ல் மிசௌரி ஒரு போர்வை தைத்தார். கூடவே கார்டுராய், பருத்திச் சாக்குத் துணி. கணவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ளத்தான் அம்மா அப்படிச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொன்னார்.

2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி சரிதான், ஆனால் மிசௌரியின் முன்னால் இருந்தது எந்த ஓவியமும் அல்ல, கணவரின் உடுப்பு. அந்தப் போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

எல்லாமே அப்படித் தப்பவில்லை. அந்த ஊரில் பழசாகிப்போன போர்வைகளைக் கொசு விரட்டக் கொளுத்தியதும் உண்டு.