கடன் பத்திரமும் பஞ்சமிப் பட்டாவும்

சட்டம் சொத்தைக் காத்தால் கடன் கிடைக்கும், முதல் பெருகும், நாடு வளரும் என்கிறார்கள் பொருளியல் அறிஞர்கள். அதை நாம் மறுக்கவில்லை. யாருடைய சொத்தை, எந்தப் பத்திரத்தை என்றுதான் கேட்கிறோம்.

1843இன் 5ஆவது சட்டம், அடிமை மீதான உடைமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அதன் பிறகும் நம்மவர்களைக் கட்டிவைத்தது கடன். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத கூலியாளை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்க 1859இன் 13ஆவது சட்டம் வழிசெய்தது. தோட்ட முதலாளிகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். கொடுத்தவர் பணத்துக்கு அரசே காவல் நின்றது. அந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். தரிசு நிலம் கேட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருந்த மனையும் அவர் பிடியில். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிலம் கிடைத்தாலும் மாடு வாங்க, கிணறு வெட்டப் பணம் வேண்டும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் நம்மவர் போய் நின்றது பழைய ஆண்டையின் வாசலில்தான். நிபந்தனையை மீறிய கைமாற்றம் செல்லாது. ஆனாலும் நிலம் கைமாறியது. கணக்கை எழுதிய கையும் நிலத்தைப் பிடித்த கையும் ஒரே தெருவில் இருந்தன.

அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். முன்பணப் பத்திரத்துக்குத் துணைநின்ற போலீஸ், பஞ்சமிப் பட்டாவுக்கு எதிரே நின்றது.

நிபந்தனை நீங்கினால் நிலத்துக்கு மதிப்புக் கூடும் என்று இன்று சிலர் பேசுகிறார்கள். மதிப்புக் கூடும், நிலம் நம்மிடம் இருக்காது. நிபந்தனை நிலைக்க வேண்டும். பறிபோன நிலம் திரும்ப வேண்டும். அதில் பயிர் செய்ய, அடமானம் கேட்காத அரசுக் கடன் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் பட்டா நமக்கு முதலாகும்.