இம்பாட் (மூலிகைத் தரவுத்தளம்)

இம்பாட் என்பது இந்திய மூலிகைகள், அவற்றில் அடங்கிய வேதிப்பொருட்கள், அவற்றின் மருத்துவப் பயன்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் ஓர் இணையத் தரவுத்தளம் ஆகும். சென்னை, தரமணியில் அமைந்துள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமல் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் இதனை உருவாக்கினர். இதன் முதற் பதிப்பு பற்றிய ஆய்வுக்கட்டுரை 2018ஆம் ஆண்டிலும், விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு பற்றியது 2023ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. உயிரித் தகவலியல் முறைகள் தமிழ்நாட்டு மூலிகை அறிவோடு சந்திக்கும் இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

உள்ளடக்கம்

முதற் பதிப்பில் 1,742 தாவரங்களும் 9,596 தாவர வேதிப்பொருட்களும் இடம்பெற்றன. இரண்டாம் பதிப்பில் இவை முறையே 4,010, 17,967 என உயர்ந்தன. வேதிப்பொருள் தாவரத்தின் எப்பகுதியில் (வேர், இலை, பட்டை, விதை) உள்ளது என்பதும் இரண்டாம் பதிப்பில் குறிக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தில் சமூலம் என்றும் வேர் என்றும் பிரித்துச் சொல்வதன் காரணத்தை அறிந்தோருக்கு இதன் தேவை எளிதில் விளங்கும்.

இத்தரவுகள் கணினியால் தானாகத் திரட்டப்பட்டவை அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களையும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளையும் மனிதர்கள் படித்துப் பதிந்தவை. அச்சு நூல்களில் முடங்கியிருந்த செய்தியைக் கணினி கையாளத்தக்க வடிவுக்குக் கொணர்ந்ததே இதன் முதன்மையான பணி எனலாம்.

பெயர்ச் சிக்கல்

ஒரே செடிக்குப் பல பெயர்களும், பல செடிகளுக்கு ஒரே பெயரும் வழங்குவது மூலிகைத் தரவுகளில் பெரும் இடர்ப்பாடு ஆகும். கீழாநெல்லி இதற்குத் தக்க சான்று. திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்து வயல் வரப்புகளில் களையாக முளைக்கும் இச்செடியின் அறிவியற் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். ஆனால் பழைய இந்திய நூல்கள் பலவற்றில் இது பில்லாந்தஸ் நிரூரி என எழுதப்பட்டது. பிந்தையது அமெரிக்கக் கண்டத்துக்குரிய வேறோர் இனம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஒன்றன் வேதிப்பொருள் மற்றொன்றன் கணக்கில் ஏறிவிடும்.

கடைச்சரக்கிலும் இக்குழப்பம் உண்டு. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என விற்கப்பட்ட சரக்கை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், 76 விழுக்காட்டு மாதிரிகள் பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ் இனமாகவே இருந்தன. எஞ்சியவற்றில் அதே பேரினத்தின் வேறு ஐந்து இனங்கள் காணப்பட்டன. இனங்களைப் பிரித்தறிய டி.என்.ஏ. பட்டைக்குறி முறையும் பயன்பட்டது. செடியின் குறிப்பிட்ட மரபணுத் துண்டின் வரிசையைப் படித்து, பொதுத் தரவு வங்கியிலுள்ள வரிசைகளோடு ஒப்பிடுவது இம்முறை. 1982இல் தொடங்கப்பட்ட ஜென்பேங்க் அத்தகைய வங்கிகளுள் ஒன்று. ஒப்பிடும் பணிக்கு 1990இல் வெளிவந்த பிளாஸ்ட் மென்பொருள் பெரிதும் பயன்படுகிறது. காய்ந்து நொறுங்கிய சருகிலும் இனத்தை அறிய முடிவது இதன் சிறப்பு.

மருந்துத் தகைமைச் சல்லடை

பல்லாயிரம் சேர்மங்களுள் எவை மருந்தாகக்கூடும் என ஒவ்வொன்றாகச் சோதனைக்கூடத்தில் ஆராய்வது இயலாது. எனவே முதலில் கணினியில் வடிகட்டுகின்றனர். கிறிஸ்தோபர் லிப்பின்ஸ்கி 1997இல் முன்வைத்த ஐந்தின் விதி இவ்வடிகட்டிகளுள் ஒன்று. வாய்வழி உட்கொள்ளும் மருந்தின் மூலக்கூற்று எடை 500க்கு மிகாமல் இருத்தல் அதன் கூறுகளுள் ஒன்றாகும். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 350. அவ்வளவில் அது தேறுகிறது. பல விதிகளைச் சேர்த்து வடிகட்டியபோது இரண்டாம் பதிப்பில் 1,335 சேர்மங்கள் எஞ்சின.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், இதே குழுவினர் இந்திய மூலிகைகளின் 14,011 வேதிப்பொருட்களை எடுத்து, வைரசு உயிரணுவுக்குள் நுழையத் துணைபுரியும் இரு மனிதப் புரதங்களைத் தடுக்கக்கூடியவை எவை எனக் கணினியில் தேடினர்.

வரம்புகள்

இத்தகைய தேடலின் விளைவு ஊகமே, மருந்து அன்று. புரதத்தோடு கணினித் திரையில் பொருந்தும் மூலக்கூறு உடலில் செரித்து அழிந்துபோகலாம், நஞ்சாகவும் அமையலாம். செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மேலும், சித்த மருந்துகள் பல கூட்டு மருந்துகளாகும். நிலவேம்புக் குடிநீரில் மட்டும் ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. அவை ஒன்றோடொன்று கூடி என்ன செய்கின்றன என்பதைத் தனிச் சேர்மங்களின் பட்டியல் சொல்லாது.

அறிவுரிமை

தரவுத்தளம் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. இது மாணவர்க்குப் பேருதவி. எனினும் இதன் மறுபக்கமும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் போன்றோரின் மூலிகை அறிவு பெரிதும் வாய்மொழியாக வருவது. உயிரியற் பல்வகைமைச் சட்டம் (2002) இத்தகைய அறிவைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து விலக்களித்தது. ஆகவே ஓர் அறிவு வாய்மொழியாக உள்ளதா, ஏட்டில் ஏறியதா என்பது சட்டத்திலும் பொருளுடையதாகிறது. உலக அளவில், மரபணு வரிசைத் தரவுகளால் பயன்பெறும் நிறுவனங்களிடமிருந்து பங்களிப்புப் பெறுவதற்காகக் காலி நிதியம் 2025இல் தொடங்கப்பட்டது. வேதிப்பொருட் பட்டியல்கள் மரபணு வரிசைகள் அல்ல என்பதால், இம்பாட் போன்ற தொகுப்புகளுக்கு அவ்வேற்பாடு நேரடியாகப் பொருந்துவதில்லை.