கோட்டையும் குடிசையும்

அயல்நாடு காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் தலைநகரைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். இலண்டனின் அரண்மனைகளையும் பாலங்களையும் பார்த்தவர், இங்கிலாந்தையே பார்த்துவிட்டதாக எண்ணி மகிழ்வர். ஆனால் ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் சிற்றூர்களுக்கும் செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லத் தக்க இடங்களுள் ஒன்று டார்செட் மாவட்டம். இங்கிலாந்தின் தென்கரையில், ஆங்கிலக் கால்வாயை நோக்கி அது அமைந்துள்ளது. பசும்புல் போர்த்த சுண்ணக் குன்றுகளும், அலை அரித்துச் செங்குத்தாய் நிற்கும் பாறைகளும், வைக்கோற் கூரை வேய்ந்த பழைய வீடுகளும் காண்போர் கண்ணைக் கவர்வன.

அழகு ஒருபுறமிருக்க, அம்மண் நம் உள்ளத்தில் ஒரு வினாவையும் எழுப்புகிறது. காலத்தை வென்று நிற்பது எது? வலியோர் கட்டிய கோட்டையா? எளியோர் வாழ்ந்த வாழ்வா? இவ்வினாவை மனத்திற் கொண்டு, கடற்கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே சென்று, பின்னர் உள்நாட்டுக்குத் திரும்புவோம்.

கிழக்கே பர்பெக் குன்றுகளின் இடைவெளியில், தனித்ததொரு மேட்டின் மீது கார்ஃப் கோட்டை சிதைந்து நிற்கிறது. வில்லியம் மன்னன் இங்கிலாந்தை வென்ற காலத்தை ஒட்டி எழுந்தது இக்கோட்டை. 1640-களில் மன்னன் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, கோட்டைக்கு உரியவராகிய பாங்க்ஸ் மன்னனுடன் ஆக்ஸ்போர்டில் இருந்தார். கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவர் மனைவி மேரி பாங்க்ஸிடம் வந்தது. 1643-ஆம் ஆண்டு பாராளுமன்றப் படை முற்றுகையிட்டது. சிறு படையொன்றை வைத்துக்கொண்டு அவ்வம்மையார் முற்றுகையை முறியடித்தார். ஆயினும் 1646-ஆம் ஆண்டு உள்ளிருந்தே ஒருவன் காட்டிக் கொடுத்தமையால் கோட்டை வீழ்ந்தது. இனி எவரும் அதனைப் பயன்படுத்தலாகாது என்று பாராளுமன்றம் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்த்தது. சிதறிய கற்கள் என்னவாயின? அடிவாரத்து ஊர்மக்கள் அவற்றை எடுத்துத் தம் வீடுகளுக்குச் சுவர் எழுப்பினர். அரசர்க்கு அரணாக இருந்த கல் குடியானவன் வீட்டுக்குக் காப்பாயிற்று. இன்றும் அவ்வூர்த் தெருவில் நடப்போர் கோட்டையின் ஒரு பகுதியைக் குடியிருப்பாகக் காணலாம்.

அங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவில் டைன்ஹம் என்னும் சிற்றூர் உண்டு. ஆனால் அங்கே குடிகள் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டு டிசம்பரில், படைப் பயிற்சிக்காக அவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். வீடுகளைப் பரிவுடன் காக்குமாறு படையினரை வேண்டும் அறிவிப்பொன்றைத் தேவாலயக் கதவில் பொருத்திவிட்டு அவர்கள் சென்றனர். போர் முடிந்தது, ஊர் திரும்பக் கொடுக்கப்படவில்லை. தேவாலயமும் பள்ளியும் பேணப்பட்டுள்ளன. மற்ற வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. போரில் வென்ற நாட்டிலும் தோற்ற ஊர் ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கு டைன்ஹம் சான்று.

மேலும் மேற்கே சென்றால், கடலுக்குள் நீண்டு கிடக்கும் போர்ட்லண்டு என்னும் பாறை நிலத்தை அடைவோம். 1666-ஆம் ஆண்டு இலண்டன் பெருந்தீக்கு இரையான பின், கிறிஸ்டபர் ரென் என்னும் கட்டடக் கலைஞர் தூய பவுல் பேராலயத்தைப் புதிதாக எழுப்பியபோது, இங்கு வெட்டிய வெண்கல்லையே பயன்படுத்தினார். பேராலயத்தைக் கண்டு வியப்போர் ரென்னின் பெயரை அறிவர். கல் வெட்டியோர் பெயரை யார் அறிவார்?

போர்ட்லண்டை மேற்குக் கரையோடு இணைப்பது செசில் கடற்கரை. ஏறத்தாழ 18 மைல் நீளமுள்ள கூழாங்கல் மேடு அது. மேற்குக் கோடியில் பட்டாணி போன்று சிறுத்துள்ள கற்கள், கிழக்கே வரவர அலைகளால் தரம் பிரிக்கப்பட்டுக் கைப்பிடி அளவுக்குப் பெருக்கின்றன. இருளில் கரையேறிய மீனவர், ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே தாம் எங்கு வந்துள்ளோம் என்று அறிந்தனராம்.

மேற்கு எல்லையில் உள்ளது லைம் ரீஜிஸ் என்னும் துறைமுக நகரம். 1685-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மன்மத் பிரபு, மன்னன் இரண்டாம் ஜேம்சை எதிர்த்துக் கலகம் செய்ய இங்கே வந்திறங்கினார். உழவரும் நெசவாளரும் அவரை நம்பித் திரண்டனர். ஒரு திங்களுக்குள் அக்கலகம் முறியடிக்கப்பட்டது. நீதிபதி ஜெஃப்ரீஸ் டார்செஸ்டர் நகரில் நடத்திய விசாரணை, குருதி தோய்ந்த விசாரணை என்று பெயர் பெற்றது. பிரபு இறங்கிய அதே லைம் கடற்கரையில் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர்.

இந்நகரின் பெயரை உலகறியச் செய்தவர், ஓர் ஏழைத் தச்சரின் மகளாக 1799-ஆம் ஆண்டு பிறந்த மேரி ஆனிங். பழங்காலத்து உயிர்களின் எலும்புகளும் ஓடுகளும் கல்லாய் உறைந்து அந்நகர்ப் பாறைகளில் புதைந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி, கடற்கரைக்கு வரும் செல்வர்களுக்கு விற்பது தந்தையின் துணைத் தொழில். 1810-ஆம் ஆண்டு அவர் கடன்களை விட்டு இறந்தார். அதன்பின் அதுவே குடும்பத்துக்குப் பிழைப்பாயிற்று. அடுத்த ஆண்டு மேரியின் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். 1812-ஆம் ஆண்டு மேரி அதன் உடற்பகுதியையும் தேடிக் கண்டுபிடித்தார். இக்தியோசார் என்று பின்னர்ப் பெயரிடப்பட்ட கடல்வாழ் ஊர்வனவற்றுள் ஒன்று அது. அப்போது மேரிக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று.

1823-ஆம் ஆண்டு நீண்ட கழுத்தையுடைய பிளீசியோசார் என்னும் விலங்கின் முழு எலும்புக்கூட்டை அவர் தோண்டி எடுத்தார். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் குவியர் முதலில் அது போலியோ என ஐயுற்றார். பின்னர் உண்மையென ஒப்புக்கொண்டார். மழையில் பாறை சரியும் காலமே புதியன வெளிப்படும் காலம். உயிருக்கு இடர் மிகுந்த காலமும் அதுவே. 1833-ஆம் ஆண்டு அத்தகைய சரிவொன்றில் அவரைப் பிரியாதிருந்த நாய் அவர் காலடியிலேயே மாண்டது. இவ்வளவு செய்தும், அவர் எடுத்துக் கொடுத்தவற்றை விளக்கிக் கட்டுரை எழுதிய அறிஞர் பலர் அவர் பெயரைக் குறிப்பிட்டாரல்லர். இலண்டன் நிலநூற் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-ஆம் ஆண்டில்தான்; மேரியோ 1847-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். 2001-ஆம் ஆண்டு டார்செட், கிழக்கு டெவன் கடற்கரையை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு லைம் நகரில் மேரிக்குச் சிலை எழுந்தது. அச்சிலைக்கான முயற்சியைத் தொடங்கியவள் ஒரு பள்ளிச் சிறுமி.

இனிக் கடலை விட்டு உள்நாட்டுக்குத் திரும்புவோம். டார்செஸ்டர் நகருக்கு அருகே மெய்டன் காசில் என்னும் பழங்கோட்டை உள்ளது. கிறிஸ்துவுக்கு முன் பல நூற்றாண்டுகளில் ஒரு குன்றைச் சுற்றி அடுக்கடுக்காக மண்ணை வெட்டி அமைத்த அரண் அது. 1934 முதல் 1937 வரை அதனை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். அவரே 1945-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டையும் அகழ்ந்தவர். மெய்டன் காசிலில் வெட்டுக்காயங்களுடன் கிடைத்த எலும்புக்கூடுகளை, உரோமர் படையெடுப்பில் ஒருங்கே மாண்டோருடையன என்று வீலர் கருதினார். அவர்கள் பல பத்தாண்டுகளில் வெவ்வேறு காலத்து இறந்தவர்கள் என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. பேரறிஞர் சொல்லும் மறு ஆய்வுக்கு உரியதே என்பதை மாணவர்கள் இதனால் உணரலாம்.

டார்செஸ்டருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ளது டால்பட்டில். கோட்டையோ மாளிகையோ அவ்வூருக்குப் புகழ் தரவில்லை. ஆறு கூலி உழவர்கள் தந்தனர். 1830-களின் தொடக்கத்தில் பிற ஊர்களில் வாரக்கூலி 10 ஷில்லிங். டால்பட்டிலிலோ அது 9 ஆகி, 8 ஆகி, 7-க்கு இறங்கியது. 6 ஆகும் என்ற அச்சமும் எழுந்தது. அப்பணத்தில் மனைவி மக்களைக் காத்தல் இயலாது. ஆகவே 1833-ஆம் ஆண்டு, மெதடிஸ்ட் சமயப் பிரசங்கியாராகவும் விளங்கிய ஜார்ஜ் லவ்லெஸ் என்னும் உழவரின் தலைமையில் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். சங்கம் அமைப்பதற்கு இருந்த தடை 1824-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டிருந்தது. எனவே அவர்கள் செய்தது குற்றமன்று.

ஆனால் நிலக்கிழார்கள் அஞ்சினர். ஃபிராம்டன் என்னும் நிலக்கிழார் உள்நாட்டு அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்கு எழுதினார். சங்கத்தில் சேருவோர் கண்ணைக் கட்டிக்கொண்டு இரகசியமாக ஆணையிடுவது வழக்கம். கப்பற்படைக் கலகங்களை அடக்க 1797-ஆம் ஆண்டு இயற்றிய ஒரு சட்டம் அத்தகைய ஆணைகளைத் தடைசெய்திருந்தது. கலகக்காரர்களுக்கென எழுதிய சட்டம் உழவர்கள் மீது ஏவப்பட்டது! 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் விடியலில் அறுவரும் கைது செய்யப்பட்டனர். மார்ச்சு மாதம் டார்செஸ்டர் நீதிமன்றம் அவர்களை ஏழாண்டுகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்துமாறு தீர்ப்பளித்தது. எவர்க்கும் தீங்கு எண்ணவில்லை, எங்களையும் எங்கள் மனைவி மக்களையும் பட்டினியிலிருந்து காக்கவே ஒன்று சேர்ந்தோம் என்ற பொருள்பட லவ்லெஸ் மன்றத்தில் கூறியது பயனளிக்கவில்லை.

தண்டனையால் சங்கங்கள் ஒடுங்கும் என்று ஆள்வோர் எண்ணினர். நிகழ்ந்தது வேறு. ஏப்ரல் 21-ஆம் நாள் இலண்டனில் பல்லாயிரம் தொழிலாளர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அவர்கள் சுமந்து சென்றனர். அன்று அதனைப் பெற்றுக்கொள்ள மறுத்த அரசு, 1836-ஆம் ஆண்டு அறுவர்க்கும் முழு மன்னிப்பு வழங்கியது. 1837-க்கும் 1839-க்கும் இடையில் அவர்கள் தாயகம் திரும்பினர். பின்னர் ஐவர் கனடாவில் குடியேறினர்.

ஜேம்ஸ் ஹாமெட் ஒருவரே டால்பட்டிலில் வாழ்ந்தார். முதுமையில் கண் பார்வையும் இழந்து, 1891-ஆம் ஆண்டு டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் அவர் இறந்தார். அவர் கல்லறைமீது கல் நாட்டப்பட்டது 1934-ஆம் ஆண்டில். அதே ஆண்டு, அறுவரின் நினைவாக, முதிய உழவர்கள் குடியிருக்க ஆறு சிறு வீடுகளைத் தொழிற்சங்கப் பேரவை அவ்வூரில் கட்டியது. அவர்கள் கூடிப் பேசியதாகச் சொல்லப்படும் சிக்கமோர் மரம் ஊர்ப் பொதுத் திடலில் இன்றும் தழைத்து நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதம் தொழிலாளர்கள் அங்கே விழா எடுக்கின்றனர்.

கார்ஃப் கோட்டையை வெடிமருந்து தகர்த்தது. அறுவரைத் தண்டித்த நீதிமன்றமோ இன்று காட்சிக்கூடம். அங்கே வருவோர் கேட்பது நீதிபதியின் பெயரை அன்று, குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களின் பெயரை. மாணவர்களே, நீங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் அதன் கோட்டையைப் பாருங்கள்; பின் அக்கோட்டைக்குக் கல் சுமந்தவன் எங்கு வாழ்ந்தான் என்றும் கேளுங்கள். வரலாறு அவ்வினாவில்தான் தொடங்குகிறது.