பெட்டிக்குள் இருந்த லினக்ஸ்

லினக்ஸ் மேசைக் கணினிக்காகப் பிறந்தது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை உலகுக்கு அறிவித்தபோது, தம்மிடமிருந்த 386 கணினியை ஒட்டியே அதை எழுதியிருந்தார். வேறு வகைக் கணினிகளுக்கு அதைக் கொண்டுபோக முடியாது என்றும் அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார். அந்தக் கணிப்பு சில ஆண்டுகளில் பொய்த்துப்போனது. ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, கைபேசி, உள்ளங்கையில் அடங்கும் பலகைக் கணினி என எல்லாவற்றுக்குள்ளும் லினக்ஸ் நுழைந்தது. அந்தப் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருப்பதைத் தம் விருப்பப்படி மாற்றிப் பார்த்த ஆர்வலர்களின் வரலாறும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது.

இந்த வரலாற்றில் தொழில்நுட்பத்துக்கு நிகரான இடம் உரிமத்துக்கு உண்டு. 1992 தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அந்த உரிமத்தைச் சுருக்கமாக ஜிபிஎல் என்பார்கள். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதைப் பிறருக்குக் கொடுப்பவர், கேட்டால் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வன்பொருள் விற்ற நிறுவனங்கள் பலவும் இதன் முழுப் பொருளை உணராமலே லினக்ஸைத் தங்கள் பெட்டிகளில் வைத்தன.

சிறிய இடத்தில் லினக்ஸை அடக்கும் வித்தை ஃபிளாப்பி வட்டில் தொடங்கியது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் நிறுவியை ஒரே ஃபிளாப்பியில் அடக்க வேண்டியிருந்ததால், 1995இல் புரூஸ் பெரன்ஸ் பிஸிபாக்ஸ் என்ற நிரலை எழுதினார். யூனிக்ஸின் அன்றாடக் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் இருப்பது வழக்கம். பிஸிபாக்ஸில் இருப்பது ஒரே நிரல். எந்தப் பெயரில் அழைக்கப்படுகிறதோ அந்தக் கட்டளையின் வேலையை அது செய்யும். பொதுவான பகுதிகள் ஒருமுறை மட்டுமே இடம்பிடிப்பதால் பெரிய அளவில் இடம் மிச்சமானது. பின்னாளில் உலகின் வீட்டு ரவுட்டர்களில் பெரும்பகுதியை இயக்கியது இந்தச் சிக்கனம்தான். அதே பத்தாண்டில் ரஸ்ஸல் கிங் லினக்ஸை ஆர்ம் சில்லுக்குக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து, 1985இல் முதன்முதலாக இயங்கிய சில்லு அது. மின்சாரத்தை மிகக் குறைவாக எடுத்துக்கொள்வதால் மின்கலத்தில் ஓடும் கருவிகளுக்கு அதுவே பொருத்தமாக அமைந்தது.

இந்த இரண்டு போக்குகளும் இந்தியாவில் ஒன்றாகச் சந்தித்த இடம் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து, 2001இல் சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கணினியைக் காட்டினார்கள். உள்ளே இருந்தது ஸ்ட்ராங்ஆர்ம் சில்லும் லினக்ஸும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும்படி, திரையில் உள்ள எழுத்தை இந்திய மொழிகளில் உரக்க வாசிக்கும் மென்பொருளும் அதற்காக எழுதப்பட்டது. ஸ்மார்ட் கார்டைச் செருகும் வசதி இருந்ததால், ஒரு கருவியை ஓர் ஊரே பகிர்ந்துகொண்டு, அவரவர் தகவலை அவரவர் அட்டையில் வைத்துக்கொள்ளலாம். வன்பொருளின் வடிவமைப்பையும் ஜிபிஎல்லை முன்மாதிரியாகக் கொண்ட ஓர் உரிமத்தின் கீழ் வைத்தார்கள். திறந்த வன்பொருள் என்ற சிந்தனை பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்யப்பட்ட வேலை இது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா என்ற பெயரில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் தொடக்க விலையில் சந்தைக்கு வந்தது. கையைச் சாய்த்தால் அசைவை உணரும் உணரியும் அதில் இருந்தது. ஆயினும் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கே விற்றது. அதே காலத்தில் விலை சரிந்துகொண்டிருந்த செல்பேசி, சிம்பியூட்டர் போக நினைத்த கிராமங்களுக்கு முந்திக்கொண்டு போய்விட்டது. விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து அதைத் தோல்வி என்று ஒதுக்குவது சரியல்ல. எளிய மக்களை முதல் பயனராக மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட லினக்ஸ் கருவிகள் உலகிலேயே மிகக் குறைவு.

ஆர்வலர்களுக்கான வாசல் எதிர்பாராத ஓரிடத்தில் திறந்தது. 2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கருப்புமான முகப்பு, பின்புறம் இரண்டு ஆன்டெனாக்கள். உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் பிராட்காம் சில்லு, 16 மெகாபைட் ரேம், 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம். 2003இல் சிஸ்கோ 50 கோடி டாலர் மதிப்பில் லிங்க்ஸிஸை வாங்கியது. அந்த ஆண்டு ஜூனில், இந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ், ஆனால் மூலநிரல் எங்கும் கொடுக்கப்படவில்லை என்ற செய்தி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுவோரிடையே பரவியது. லிங்க்ஸிஸ் சில்லை பிராட்காமிடம் வாங்கியிருந்தது. பிராட்காமோ மென்பொருள் வேலையைத் தைவானின் சைபர்டான் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் சேர்ந்த ஜிபிஎல் நிரலுக்கு, பெட்டியில் பெயர் பொறித்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. சில வாரங்களில் மூலநிரல் வெளியானது.

அதற்குப் பிறகு நடந்தவை சிறிய கணினிகளின் வரலாற்றையே மாற்றின. வெளியான நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. பெயரிலேயே அந்த ரவுட்டரின் மாடல் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கின்றன. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ முதலிய மாற்று ஃபெர்ம்வேர்களும், அதாவது கருவிக்குள் பதிந்திருந்து அதை இயக்கும் மென்பொருள்களும், அடுத்தடுத்து வந்தன. வீட்டின் மூலையில் கிடந்த அந்தப் பெட்டி, கட்டளை வரியில் நுழைந்து பார்க்கக்கூடிய முழு லினக்ஸ் கணினியாக மாறியது. பெர்லினின் ஃபிரைஃபுங்க் இயக்கத்தினர், வீடு வீடாக ரவுட்டர்களைக் கோத்து இலவசச் சமூக வலையமைப்பு கட்டியதும் இதை வைத்துத்தான்.

ஃபெர்ம்வேரை மாற்றுவது அன்று எளிய காரியமாக இருக்கவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இன்னொரு கணினியோடு தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டம் ஒன்று இருந்தது. அதில் தட்டச்சு செய்வதைச் சரிபார்க்காமலே ரவுட்டர் அப்படியே இயக்கிவிடும் பிழையை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். முகவரி கேட்ட கட்டத்தில் கட்டளையைக் கொடுத்து, ‘பூட் வெயிட்’ என்ற அமைப்பை இயக்கிக்கொண்டார்கள். அது இயங்கினால், மின்சாரம் கொடுத்ததும் முதலில் எழும் பூட்லோடர் நிரல் சில வினாடிகள் காத்திருந்து, 192.168.1.1 என்ற முகவரிக்கு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் வரும் புதிய ஃபெர்ம்வேரை ஏற்றுக்கொள்ளும். கட்டளையைத் தயாராகத் தட்டி வைத்துக்கொண்டு, ஒரு கையால் மின்செருகியைப் பொருத்தி, மறு கையால் என்டர் விசையை அழுத்த வேண்டும். அந்தச் சில வினாடிகள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஃபெர்ம்வேர் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போய்விட்டால், பெட்டி பிரிக் ஆகிவிட்டது என்பார்கள். விளக்கு எரியும், வேறெதுவும் நடக்காது. அதற்கும் வழி இருந்தது. மூடியைக் கழற்றினால் பலகையின் ஓரத்தில் ஜேடேக் என்ற சோதனை இணைப்புக்கான துளைகள் தெரியும். நான்கு 100 ஓம் மின்தடைகளை வைத்துக் கையால் செய்த கம்பியில் அதைப் பழைய கணினியின் பேரலல் போர்ட்டோடு இணைத்து, ஃபிளாஷ் நினைவகத்தைப் பிட் பிட்டாக மறுபடி எழுதி மீட்பார்கள். 4 மெகாபைட் போதாதவர்கள், பலகையின் விளக்குகளுக்குப் போகும் கம்பிகளில் ஈயப்பற்று வைத்து எஸ்டி கார்டையே பொருத்திக்கொண்டார்கள்.

2005 இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் லினக்ஸைக் கைவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்கு மாறியது. நினைவகம் பாதியாகக் குறைந்தது, செலவு மிச்சம். ஆனால் ஆர்வலர்களின் வாங்கும் பலத்தை நிறுவனம் அதற்குள் புரிந்துகொண்டிருந்தது. பழைய வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்கத் தொடங்கியது. கடைசி ‘எல்’ லினக்ஸைக் குறிக்கும். அந்த ஒரு மாடல் 2016இலும் விற்பனையில் இருந்தது. மின்னணுப் பொருள்கள் ஓரிரு ஆண்டில் பழசாகும் சந்தையில், திருத்தும் உரிமை ஒரு பொருளின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

உரிமம் நீதிமன்றத்திலும் நிலைபெற்றது. கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில், 2004இல் மியூனிக் நீதிமன்றம் சைட்காம் என்ற ரவுட்டர் நிறுவனம் ஜிபிஎல்லை மீறி அந்த நிரலைக் கொடுப்பதற்குத் தடை விதித்தது. 2008 டிசம்பரில் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீதே வழக்கு தொடுத்தது. அடுத்த மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது.

இதற்கிடையே ஆர்வலர்களை நேரடியாக மனத்தில் வைத்த கருவிகளும் வந்தன. 2007இல் வெளியான ஓப்பன்மோகோவின் நியோ 1973, கைபேசியையே திறந்துவைக்க முயன்றது. 2008இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்கள் உருவாக்கிய பீகிள்போர்டு, சுற்றுப்படங்கள் உட்பட எல்லாவற்றையும் வெளியிட்டது. விலை 149 டாலர். வேலையில் இருக்கும் பொறியாளருக்கு அது மலிவு, பள்ளி மாணவருக்கு எட்டாத தொகை.

அந்த இடைவெளியை நிரப்பியது ராஸ்பெரி பை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்போர் குறைந்துகொண்டே வந்ததையும், வருபவர்களுக்கும் நிரல் எழுதிய பழக்கம் இல்லாததையும் எபன் அப்டன் முதலான ஆசிரியர்கள் கவனித்தார்கள். 1980களில் பிபிசி மைக்ரோ போன்ற வீட்டுக் கணினிகளை இயக்கியதும் எதிரே நிற்பது நிரல் எழுதும் இடம்தான். பிந்தைய கணினிகளிலும் விளையாட்டுக் கருவிகளிலும் அந்த வாசல் இல்லை. 2006இல் ஒரு நுண்கட்டுப்படுத்தியைத் துளைப்பலகையில் பொருத்திச் செய்த முதல் முயற்சிகளில் தொடங்கி, 2009இல் அறக்கட்டளை அமைத்து, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் பலகையை விற்பனைக்கு விட்டார்கள். விற்ற இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் அன்று காலையே கூட்டம் தாங்காமல் முடங்கின. 10,000 பலகைகளோடு தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளில் கோடிக் கணக்குக்குப் போனது.

மலிவுக்குக் காரணம் அதன் சில்லு. பிராட்காமின் பிசிஎம்2835, வீடியோ காட்டும் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டது. அதில் இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் பகுதி கொஞ்சம் பழைய தலைமுறை. அதனால் ஒரு சிக்கலும் வந்தது. தசமக் கணக்குகளை வன்பொருளிலேயே செய்யும் டெபியன் பதிப்பு புதிய ஆர்ம் சில்லுகளுக்கு மட்டுமே இருந்தது. பழைய சில்லுக்கான பதிப்போ அவற்றை மென்பொருளால் மெதுவாகச் செய்தது. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இரு ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான டெபியன் பொதிகளை இந்தச் சில்லுக்கென்றே மறுபடி தொகுத்து, 2012 நடுவில் ராஸ்பியனை வெளியிட்டார்கள். அறக்கட்டளைக்கு வெளியே இருந்தவர்களின் அந்த உழைப்பு இல்லாவிட்டால், பலகை அவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருக்காது.

கற்பவருக்கு ராஸ்பெரி பை செய்த மிகப் பெரிய உதவி விலைக்குறைப்பு மட்டுமல்ல. இயங்குதளம் முழுவதும் கழற்றக்கூடிய எஸ்டி கார்டில் இருக்கிறது. எதைக் கெடுத்தாலும் கார்டை எடுத்து மறுபடி எழுதினால் போதும். ரவுட்டர் காலத்து ஆர்வலர்களை வாட்டிய பிரிக் பயம் ஒரே வடிவமைப்பு முடிவால் நீங்கியது. பயமில்லாமல் கெடுத்துப் பார்க்க முடிந்ததால்தான் பத்து வயதுப் பிள்ளைகளும் இதைத் தொட்டார்கள். பயனர் கூட்டம் பெரிதானபோது பிழைகளும் விரைவில் வெளிப்பட்டன. 2015 பிப்ரவரியில் வந்த பை 2, கேமராவின் செனான் ஃபிளாஷ் ஒளி பட்டதும் நின்றுபோவதை ஒருவர் படம் எடுக்கும்போது கண்டார். மின்வழங்கும் சில்லு மூடப்படாமல் இருந்ததால் அதன் சிலிக்கான் மீது ஒளி விழுந்து மின்னழுத்தம் குலைந்தது என்று சில நாளில் காரணமும் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பை ஜீரோவின் விலை 5 டாலர். மாத இதழ் ஒன்றின் அட்டையில் ஒட்டி அதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

கெர்னலும் இந்தக் கருவிப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க மாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆர்ம் பலகைக்கும் தனி நிரல் கோப்பு சேர்ந்துகொண்டே போனதை 2011இல் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். பலகையில் எந்தப் பாகம் எந்த முகவரியில் இருக்கிறது என்பதைத் தனி விவரக் கோப்பில் எழுதும் ‘டிவைஸ் ட்ரீ’ முறை அதற்குப் பின் நிலைபெற்றது. புதிய பலகைக்கு லினக்ஸைக் கொண்டுவருவது அதன் பிறகுதான் தனி ஆர்வலரின் சக்திக்குள் வந்தது.

எனினும் மென்பொருளின் திறப்பு சில்லு வரை போகவில்லை. ராஸ்பெரி பை வரிசையின் தொடக்ககாலப் பலகைகளில் மின்சாரம் கொடுத்ததும் முதலில் எழுவது ஆர்ம் பகுதி அல்ல, வீடியோ பகுதி. அது கார்டிலிருந்து படிக்கும் நிரலின் மூலநிரல் மூடப்பட்டது. கல்வியில் இவ்வளவு சாதித்த கருவிக்கு இது பெரிய குறைதான். பல்கேரியாவின் ஓலிமெக்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் பலகையின் வரைபடங்களைத் திறந்து வைத்தன. சில்லை அவர்களும் வெளியில் வாங்கவே வேண்டியிருந்தது.

சில்லையே திறக்கும் முயற்சி 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-5 என்ற கட்டளைத் தொகுதியாகத் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி செயலிகளை வடிவமைத்து, வடிவமைப்பின் மூலத்தையும் திறந்து வைத்தார்கள். 2018இல் அந்தச் செயலியில் லினக்ஸ் எழுந்தது.

ரவுட்டர் ஆர்வலர்களின் கதை 2024இல் ஒரு சுற்று முடித்தது. வேறு நிறுவனங்களின் பெட்டிகளைத் திறந்தே இருபது ஆண்டு வளர்ந்த ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம், தனக்கென்றே வடிவமைத்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரை அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. அதில் இரண்டு ஃபிளாஷ் நினைவகங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கெடுத்துவிட்டால், பலகையில் உள்ள சிறு சுவிட்சைத் தள்ளி மற்றொன்றிலிருந்து எழுப்பி மீட்டுக்கொள்ளலாம். ஜேடேக் கம்பி வேண்டியதில்லை. சுற்றுப்படமும் மூலநிரலும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அதன் வைஃபை பகுதிக்குள் ஓடும் ஃபெர்ம்வேரின் மூலநிரல் மட்டும் இன்னும் வெளியிடப்படவில்லை.