தேயிலைக் கடலில் மரைகளின் தீவு

ஈழத்தமிழர் மரை என்றும் தமிழகத்தார் கடமான் என்றும் வழங்கும் பெருமானினம், இன்று உலகளவில் அழிவாபத்தை எதிர்நோக்கும் விலங்குகளுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. இலங்கை மலையகத்தில் அது கூட்டமாக மேய்வதைக் காணக்கூடிய இடம் ஹோட்டன் சமவெளியாகும். உடப்புசல்லாவை முதல் அட்டன் வரை விரிந்துள்ள தேயிலைக் கடலிலே அச்சமவெளி ஒரு தீவு எனலாம். அத்தீவு எவ்வாறு எஞ்சியது?

1834இல் ஆங்கிலேயப் படையதிகாரிகள் கண்டறிந்து, தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டிய நிலம் இது. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொல்வதை ஒரு வீரவிளையாட்டாகவே கொண்டார். பின்வந்த தோட்டத்துரைமாரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர்.

எனினும் வேட்டையினும் பெருங்கேடு விளைத்தது காடழிப்பே. கோப்பிக்கும், 1867இன் பின் தேயிலைக்குமாக மலைச்சரிவுகள் வெளியாக்கப்பட்டன. வெட்டிய கைகளுள் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளியுடையனவும் இருந்தன. எங்கே வெட்டுவதென முடிவுசெய்தவர் அவரல்லர்.

1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது விடுமாறு அரசுக்கு அறிவுரை கூறினார். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் நீரூற்றுக்கள் இவ்வுயர்நிலத்திலேயே உள்ளன. காடு காக்கப்பட்டது மரையின் பொருட்டன்று, நீரின் பொருட்டேயாம். அந்நிழலில் மரையும் பிழைத்தது என்பதே ஈண்டு கருதத்தக்கது. யானைக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது அச்சமவெளியினின்றும் மறைந்தது.

1960களில் சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் அந்நிலம் வனவிலங்குப் புகலிடமாகவும், 1988இல் ஏறத்தாழ 3160 ஹெக்டேர் பரப்புடைய தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிகளுள் ஒன்றாயிற்று.

துப்பாக்கியைச் சட்டம் தடுத்தது. அன்பென நினைத்து உணவு நீட்டும் கையைத் தடுப்பது அத்துணை எளிதன்று. பார்வையாளர் எறிந்த பொலித்தீனை விழுங்கி மரைகள் மடிந்ததுண்டு. சிறுத்தைக்கு அஞ்ச வேண்டிய விலங்கு, மனிதரின் உணவுப் பொதிக்காகக் காத்து நிற்பது காவலாகாது.

கோப்பி, தேயிலை, ஆள்கட்டு என மலையக வரலாற்றை எழுதிவருகின்றோம். நாம் வெட்டிய காட்டின் குடிகளுக்கும் அதில் ஓர் இயல் உரியது.